இலை கசந்தால் விஷம் இல்லை என்று நான் சொன்னது

தம்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போனில் சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாய். அபார்ட்மென்ட் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த இனியனைக் குளவி கொட்டிவிட்டது, உதடு தடித்துவிட்டது, வயிறு முதுகெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது என்றாய். கவிதா டாக்டரிடம் போகலாம் என்று அழுதாளாம். நீ அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நான் பாட்டிலில் போட்டு அனுப்பியிருந்த சிறியாநங்கைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாயாம். அவன் "கசக்குதுப்பா" என்று துப்பினானாம். கசந்துவிட்டதால் விஷம் ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்தீர்களாம், சாயங்காலத்துக்குள் வீக்கமும் தானாக வடிந்துவிடும் என்றாய். நானும் போனில் சிரித்துவைத்தேன். 

திங்கட்கிழமை காலையில் நானே கூப்பிட்டு, பிள்ளையை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "இன்னாம்மா, நீயே இப்படிச் சொல்ற? கசக்குதுன்னுட்டான் இல்ல? அவன் எம் புள்ளதான், ஆனா என்ன மாதிரி பொய் சொல்லல" என்றாய். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

கவிதாவும் இதைப் படிக்க வேண்டும். அவள் பட்டணத்துப் பெண், அதனால் அவளுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பூச்சி எது கடித்தது என்று தெரியாமல் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அதைக் காணாக்கடி என்பார்கள். காணாக்கடியோ, தேளோ, பூரானோ, குளவியோ, எதுவானாலும் முதலில் செய்வது ஒன்றுதான். சிறியாநங்கை இலை ஒன்றைப் பறித்து வாயில் கொடுத்து மெல்லச் சொல்வது. அது வேம்பைவிடக் கசக்கும் இலை. கசந்தால் விஷம் ஏறவில்லை, மேலே தும்பைச் சாறோ குப்பைமேனி அரைத்ததோ பூசிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கசக்கவில்லை, தித்திக்கிறது என்றால் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் மூன்று வேளை இலை, மூன்று நாள் பத்தியம். உப்பு, புளி, கறி, மீன் எதையும் தொடக்கூடாது. இலை கொடுப்பவர்கள் காசு வாங்கக்கூடாது, இலையின் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது. நான் இருபத்தைந்து வருஷம் பெயரைச் சொல்லாமல் முந்தானையில் மறைத்து எடுத்துவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதை ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள், என் மானம் கப்பலேறியதுதான் மிச்சம்.

உனக்கு ஏழு வயது அப்போது. கோலியனூர்ப் பக்கம் நம் மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நீயும் வந்து, வரப்போரத்துப் பனைமரத்தடியில் உட்கார்ந்து பச்சை மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். அந்த மரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது எல்லோருக்கும் தெரியும். கதண்டு என்றால் விரல் நீளக் குளவி, கவிதா. தெரிந்தும் உன்னை அங்கே உட்காரவைத்தது என் முதல் தப்பு. காய்ந்த மட்டை ஒன்று கூட்டை உரசிக்கொண்டு விழுந்தது. உன் கழுத்தில் ஒன்றும் காதோரம் ஒன்றும் கொட்டின. உன் அப்பா கரும்பு வண்டியோடு ஆலைக்குப் போயிருந்தார். ஓடிவந்து உன்னைத் தூக்கியது நானில்லை, ரோசம்மா. நம் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த, காலனியில் இருந்து வரும் ரோசம்மா. நீயும் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாய். என்னைவிட நாலு வயது மூத்தவளை அப்படிக் கூப்பிட உனக்குப் பழக்கியது நாங்கள்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் ஓடி இலையைப் பறித்துக்கொண்டு வந்தேன். போய்வர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போட எனக்குப் பயமாக இருக்கிறது. இலையை உன் வாயில் திணித்து, "எப்பிடிடா இருக்கு?" என்று கேட்டேன். "கசக்குதும்மா" என்றாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தும்பையைக் கசக்கிக் கொட்டிய இடத்தில் பிழிந்து, உன்னை நிழலில் படுக்கவைத்து, "ஒண்ணுமில்ல, அவங்க அவங்க வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கொல்லையில் குனிந்தேன். நான் குனிந்துவிட்டேன், தம்பி. இதை எத்தனை முறை எழுதினாலும் அதுதான் நடந்தது.

ரோசம்மாதான் திரும்பிப் பார்த்தாள். "யம்மா, புள்ள மூச்சு கொர்ருன்னு இழுக்குதும்மா, ஒதட்ட பாரு" என்றாள். உன் கண் இமை இரண்டும் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் மறுபடி இலையைத்தான் எடுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, உன் வாய்க்குள் விரலை விட்டு முதலில் போட்ட இலையையும் வழித்து எறிந்தாள். "எம் புள்ள வாயில நீ கை வைக்கிறியா?" என்று கத்தினேன். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். விழுப்புரம் போய்க்கொண்டிருந்த பால் வண்டி ஒன்றை நடுரோட்டில் நின்று மறித்தாள். நீ கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டித் தட்டி, "தூங்காதடா ராஜா, எங்கூடப் பேசிக்கினே வா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அதே வண்டியில், பால் கேன்களுக்கு நடுவில், கையில் தும்பைச் செடியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். பார்த்த மாத்திரத்தில் உன் தொடையில் ஒரு ஊசி போட்டார், மூக்கில் குழாய் வைத்தார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஊசி. நீ சரியாக மூச்சு விட ஆரம்பித்த பிறகு, உன்னை மடியில் வைத்திருந்த ரோசம்மாவைப் பார்த்து, "நீங்கதானே அம்மா?" என்று கேட்டார். பிள்ளை பிழைத்த அந்த நேரத்திலும் எனக்கு அதில் கோபம் வந்தது. "வாயில என்ன பச்சையா இருக்கு?" என்று அடுத்துக் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். தொண்டை வீங்கும்போது வாயில் எதையும் போட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும், இந்தப் பிள்ளைக்குக் குளவி விஷம் ஆகாது, இன்னொரு முறை கொட்டினால் இதைவிட வேகமாக வரலாம், அப்போது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இங்கே கொண்டுவர வேண்டும் என்றார். இதில் ஒரு வார்த்தையையும் நான் உன்னிடம் சொன்னதில்லை. வெளியே வந்தபோதுதான் ரோசம்மாவின் இடது கை முழங்கை வரை புடைத்திருப்பதைப் பார்த்தேன். உன்னைத் தூக்கும்போது அவளையும் ஒன்று கொட்டியிருக்கிறது. அவளுக்கு யாரும் இலையும் கொடுக்கவில்லை, ஊசியும் கேட்கவில்லை.

மறுநாள் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என்னிடம் ரகசியம் போல ஒன்று சொன்னாய். அந்த வாரம் திருவெண்ணெய்நல்லூர் மாமா வீட்டில் காதுகுத்து, பிரியாணி போடுவதாக இருந்தது. தித்திக்கிறது என்று சொன்னால் பத்தியம் போட்டுக் கறி தின்ன விடமாட்டேனே என்று பயந்து, தித்தித்த இலையைக் கசக்கிறது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு அழுதாய். அந்த இடத்தில் நான் உன்னைக் கட்டிக்கொண்டு, இலையாவது மண்ணாவது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கொழுகொம்பு கிடைத்தது போல இருந்தது. இலை தப்பில்லை, நான் தப்பில்லை, பிள்ளை பொய் சொன்னதால்தான் இத்தனையும் என்று ஆகிவிட்டதே. "பாத்தியா, பொய் சொன்னா உசுருக்கே ஆபத்து" என்று உன்னைத்தான் கண்டித்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னேன். நல்லவேளையாக இரண்டாவது இலையைக் கொடுத்துத்தான் அனுப்பினேன், அதுதான் ஆஸ்பத்திரி போகும்வரை உயிரைப் பிடித்துவைத்தது என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டேன். சொல்லும்போது ரோசம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த நாள் வேலைக்கு அவள் நம் கொல்லைக்குத்தான் வரவேண்டும். என்ன பேசுவாள்?

அந்தக் கதைக்குக் கால் முளைத்தது. பத்து நாளில் பனமலையில் இருந்து காணாக்கடி வந்த பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கைராசி என்றார்கள். பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்று நீயே பார்த்திருக்கிறாய். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே அடங்கக்கூடிய கடிதான். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் துணிவில்லை என்று சொல்வதுதான் சரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் விறகு அடுக்கும்போது என்னையே தேள் கொட்டியது, நீ அப்போது ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். வலி தோள்பட்டை வரை ஏறி, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டபோது இலையை மென்று பார்த்தேன். வழக்கம் போலவே கசந்தது. விஷம் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கசந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதது வலியால் மட்டும் இல்லை. உன் அப்பா என்னை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகும் கேட்டு வந்தவர்களுக்கு இலை கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்கும் ஒரு நட போயிட்டு வந்துடுங்க" என்று கடைசியில் மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். உனக்கும் பொடி அனுப்பினேன். நீ ஆசையாகக் கேட்டாய், எனக்கும் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். ரோசம்மா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "உக்காருங்க, எந்திரிக்காதீங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாமா, புச்சா 'ங்க' போட்டுப் பேசற? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள். நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இனியனுக்கு உதடு தடித்ததையும் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இருபத்தேழு வருஷம் கழித்து அப்போதுதான் கேட்டேன்.

"எந்தம்பிய கதண்டு கொட்டிச்சிமா. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு மின்னாடி. அவன் வாயிலயும் இதே எலயத்தான் போட்டாங்க. கசக்குதுன்னுதான் சொன்னான், ஒண்ணுமில்லன்னு எல்லாரும் வேலைக்கிப் போய்ட்டோம்" என்றாள். கையிலிருந்த கீரைக்கட்டை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "கசக்காம இன்னாமா பண்ணும், அது கசக்கற எல" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அது அவள் இஷ்டம். "எங்கிட்ட சொல்லி இப்ப இன்னா ஆவப்போவுது? பேஜாரு புடிச்ச ஆளுமா நீ. அந்தப் புள்ளகிட்டப் போய்ச் சொல்லு, ஜல்தி" என்று என்னை அடுத்த பஸ்ஸுக்கே கிளப்பிவிட்டாள்.

அதனால் சொல்கிறேன். இலையை நான் வெறுக்கவில்லை. எறும்பு கடித்தால், கொசு கடித்துத் தடித்தால் குப்பைமேனியோ தும்பையோ மேலே பூசு, அரிப்பு கொஞ்சம் அடங்கினாலும் அடங்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. விஷம் ஏறியதா இல்லையா என்று சொல்லும் சக்தி எந்த இலைக்கும் கிடையாது. உதடோ நாக்கோ வீங்கினால், உடம்பெல்லாம் திட்டு வந்தால், மூச்சு இழுத்தால், வாந்தி வந்தால், மயக்கம் வந்தால், வாயில் எதையும் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போன மழைக்காலத்தில் முதல் முறை குளவி கொட்டியபோது இனியனுக்குக் கை மட்டும்தான் வீங்கியது என்று நீ சொன்னாய். இப்போது உதடு. அடுத்தது எப்படி வரும் என்பதை டாக்டரிடம் கேள். ஏழு வயதில் உனக்குத் தொடையில் ஊசி போட்டார்கள் என்று அவரிடம் சொல், அது அட்ரினலின் ஊசியா, இனியனுக்கும் வீட்டில் ஒன்று வைத்திருக்க முடியுமா என்று கேள். உன்னையும் பரிசோதிக்கச் சொல். உனக்கும் குளவி ஆகாது என்பதை உன்னிடமே மறைத்து உன்னை இத்தனை வயது வரை நடமாட விட்டிருக்கிறேன். அந்தப் பொடியைக் குப்பையில் கொட்டு. கவிதா அன்றைக்கே சரியாகத்தான் சொன்னாள் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல். எனக்கு ரோசம்மாவிடம் அதைச் சொல்ல இருபத்தேழு வருஷம் ஆனது.

இனி ஒன்றே ஒன்று. அந்த இலை அன்றைக்கு உன் வாயில் தித்திக்கவே இல்லை, தம்பி. தித்திக்கவும் முடியாது. உனக்குக் கசந்தது, கசக்கிறது என்று சொன்னாய், அவ்வளவுதான். விஷம் ஏறியிருக்கிறது, அப்படியானால் இலை தித்தித்துத்தான் இருக்க வேண்டும், நாம்தான் பொய் சொல்லியிருப்போம் என்று ஊசி மயக்கத்தில் உன் ஏழு வயதுப் புத்தி உன்னையே சந்தேகப்பட்டுவிட்டது. நான் அதை ஆமாம் என்று சொல்லி முத்திரை குத்திவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், இத்தனை வருஷமும் நீ அதைச் சுமந்தாய். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், அதற்கு எத்தனையோ நாள் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே. டாக்டரைக் கூப்பிடு.

அம்மா